அந்த சிக்னல் வரியை மாற்றி எழுதுங்கள்: சி மொழித் தரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐஎஸ்ஓ டபிள்யூஜி 14 குழுவினருக்கு,

வணக்கம். சி நிரல்மொழிக்கான உங்கள் தர ஆவணத்தில் சிக்னல் ஃபங்ஷனை (நிரலுக்கு ஒரு சிக்னல் வந்தால் எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று குறித்துவைப்பது) அறிவிக்கும் வரி இது:

வாய்ட் (*சிக்னல்(இன்ட் சிக், வாய்ட் (*ஃபங்க்)(இன்ட்)))(இன்ட்);

(பெயர்களை மட்டும்தான் தமிழில் எழுதியிருக்கிறேன். இன்ட் என்றால் முழு எண், வாய்ட் என்றால் எதையும் திருப்பித் தராதது. அடைப்புக்குறிகள் எல்லாம் உங்களுடையவை.)

இதைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் சிக்னல் என்ற பெயரை நடுவில் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வலது பக்கம் போய், அடைப்புக்குறியில் முட்டித் திரும்பி, இடது பக்கம் இருக்கும், பாயிண்டரைக் குறிக்கும் ஸ்டாரைச் (*) சேர்த்துக்கொண்டு, மறுபடியும் வலது கோடிக்கு ஓட வேண்டும். சொல்ல வந்த விஷயமோ சின்னது: ஓர் எண்ணையும் ஒரு ஃபங்ஷன் பாயிண்டரையும் (ஒரு ஃபங்ஷன் இருக்கும் இடத்தைச் சுட்டுவது) வாங்கிக்கொண்டு, அதே வகைப் பாயிண்டர் ஒன்றைத் திருப்பித் தருகிறது. இன்டர்வியூவில் இந்த வரியைக் காட்டி விளக்கச் சொல்கிறார்கள். மொழியின் குறை, வேலை தேடி வந்தவரின் குறையாகிவிடுகிறது.

சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் வகுத்த விதி எளிமையானதுதான். ஒரு பெயரை எப்படிப் பயன்படுத்துவோமோ அப்படியே அறிவிக்க வேண்டும். *அ என்றால் ஓர் இன்ட் கிடைக்கும், அதனால் இன்ட் *அ. ஓர் அடுக்கு வரைக்கும் அழகாக இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஸ்டார் பெயருக்கு முன்னால் வருகிறது, அரேயின் (வரிசைப் பட்டியலின்) சதுர அடைப்பும் ஃபங்ஷனின் வளைவும் பின்னால் வருகின்றன. இரண்டும் சேரும்போது எது முதலில் என்று காட்ட இன்னும் அடைப்புக்குறிகள் தேவைப்படுகின்றன. ஸ்டாரையும் பின்னால் வைத்திருந்தால் இப்படி அடுக்கடுக்கான அறிவிப்புகள் பலவும் எளிமையாகியிருக்கும் என்று கணினி அறிஞர் ரவி சேத்தி 1981இலேயே சுட்டிக்காட்டினார். சி உருவான கதையை 1993இல் எழுதியபோது ரிட்சியும் இதை மறைக்கவில்லை. அவ்வளவு ஏன், சி-யைக் கற்றுத்தரும் கெர்னிகன்–ரிட்சி புத்தகத்தின் 1988இல் வந்த இரண்டாம் பதிப்பில், அறிவிப்புகளைச் சொற்களாக மாற்றித் தருவதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. சி-க்கு முன்னோடியான பி மொழியை உருவாக்கிய கென் தாம்சன், 2009இல் வெளியான கோ மொழியை வடிவமைத்த மூவரில் ஒருவர். கோவில் பெயர் முன்னால், டைப் (இன்ட் போன்ற தரவு வகை) பின்னால். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகலாம்.

சி-யையும் கோ மாதிரி ஆக்குங்கள் என்று கேட்கவில்லை. உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் தரத்தின் சி23 பதிப்பில் டைப்ஆஃப் என்பதை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். ஒரு டைப்பை முழுதாக அதன் அடைப்புக்குள் எழுதிவிடலாம். முதலில் அது இல்லாமல் பாருங்கள்:

இன்ட்* அ, ஆ;

இதில் அ மட்டும்தான் பாயிண்டர், ஆ வெறும் இன்ட். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கம்பைலர் எடுத்துக்கொள்வது வேறொன்று.

டைப்ஆஃப்(இன்ட் *) அ, ஆ;

இதில் இரண்டுமே பாயிண்டர். சரி, இதே கருவியை சிக்னலுக்கும் போட்டுப் பாருங்கள்:

டைப்ஆஃப்(வாய்ட் (இன்ட்)) *சிக்னல்(இன்ட் சிக், டைப்ஆஃப்(வாய்ட் (இன்ட்)) *ஃபங்க்);

நீளம்தான், அழகு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி ஓட வேண்டியதில்லை. டைப் அதேதான் என்பதால் பழைய நிரல் எதுவும் உடையாது. டைப்புக்குப் பெயர் வைக்கும் டைப்டெஃப் போதுமே என்பீர்கள். இந்த டைப்புக்கு லினக்ஸில் பயன்படும் ஜிலிப்சி நூலகம் ஒரு பெயர் வைத்தது, பிஎஸ்டி இயங்குதளம் இன்னொரு பெயர் வைத்தது. நீங்கள் மூன்றாவதாக ஒன்று வைத்தால், யாரோ எழுதிய நிரலில் ஏற்கெனவே இருக்கும் பெயரோடு அது மோதலாம். டைப்ஆஃபுக்குப் புதுப் பெயரே வேண்டாம்.

அடுத்த பதிப்பில் சிக்னலை இப்படி அச்சிடுங்கள். ஃபங்ஷன் பாயிண்டர் வாங்கும் கியூசார்ட்டையும் அட்எக்ஸிட்டையும் கூடவே மாற்றிவிடலாம். "பழையதைத் தொடுவதில்லை" என்ற பதில் உங்களிடமிருந்து வராது என்றே நம்புகிறேன். சி99இல் டைப் எழுதாவிட்டால் இன்ட் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நீக்கினீர்கள், சி11இல் ஒரு வரியை உள்ளீடாகப் படிக்கும் கெட்ஸ் ஃபங்ஷனைத் தூக்கினீர்கள், சி23இல் பழைய பாணி ஃபங்ஷன் வரையறைகளையும் விட்டீர்கள். அவற்றால் உடைந்த நிரல்கள் உண்டு.

அப்புறம், கம்பைலர்கள் தரக்கூடிய பொதுவான எச்சரிக்கைகளுக்கென ஒரு பின்னிணைப்பு வைத்திருக்கிறீர்களே, ஒரே வரியில் பாயிண்டரும் பாயிண்டர் அல்லாததும் கலந்து அறிவிக்கப்படுவதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சி-யில் பிழைப்பு நடத்தும் ஒரு நிரலாளர்