கொழுந்தன் போனுக்குப் போன ரிப்போர்ட்

திருநெல்வேலி மாவட்டத்தில் தனியார் மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். உங்களில் சிலரை எதிர்த்தரப்பில் சந்தித்ததுண்டு; ஆனாலும் காய்ச்சல் வந்தால் உங்களிடம்தான் வருகிறேன். உங்கள் சிகிச்சையில் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நோயாளி உங்களிடம் விட்டுச்செல்லும் தகவலை நீங்கள் வைத்திருக்கும் லட்சணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருவர், விடாத இருமலுக்காக நகரத்துப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சளி கொடுத்தார். ரிசப்ஷனில் செல்போன் எண் கேட்டார்கள். அவரிடம் போன் கிடையாது. கொழுந்தனின் எண்ணைச் சொன்னார். காசநோய் உறுதி என்ற ரிப்போர்ட் பெயர், வயது, ஊர் சகிதமாக அந்தக் கொழுந்தனின் வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர்ந்தது. கொழுந்தன் மனைவியிடம் காட்டினார், மனைவி தாய்வீட்டுக்கு அனுப்பினார். பீடிக்கடையில் கட்டுகளை ஒப்படைக்க வரிசையில் நின்றபோதுதான், தனக்கு என்ன நோய் என்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரிந்தது. தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றுபோனது. காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை இருக்கிறது. ஊர் வாய்க்கு உலைமூடி கிடையாது.

வழக்குப் போடலாம் என்றேன். “நோட்டீஸிலும் என் நோயைத்தானே எழுதுவீர்கள்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வழக்காக வரவேண்டியது மடலாக வருவதற்கு அதுவே காரணம். அவர் சம்மதத்தோடு, ஊரையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

“அவர் கொடுத்த எண்ணுக்குத்தானே அனுப்பினோம்?” என்றது அந்த நிலையம். நம் கிராமங்களில் ஒரு பெண் சொல்லும் எண் கணவருடையதாக இருக்கும், மகனுடையதாக இருக்கும், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கும். கூப்பிட வசதியாக எண் தருவது ஒன்று. அந்த எண்ணுக்கு உரியவர் என் ரிப்போர்ட்டைப் படிக்கலாம் என்று சம்மதிப்பது வேறு. காசநோய் கண்டறியப்பட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 முதலே உத்தரவு இருக்கிறது. அரசுக்குத் தெரிவியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கொழுந்தனுக்குத் தெரிவிக்கச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து தரப்பட வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. உங்கள் ஃபாரங்களிலோ பொடி எழுத்தில் ஆங்கிலம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் விளக்கம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. இன்னும் நாள் இருக்கிறது என்று உங்கள் ஆடிட்டர் சொல்லியிருக்கலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011-ஆம் ஆண்டு விதிகளும் அதுவரை உயிரோடு இருக்கின்றன. அந்த விதிகள் மருத்துவப் பதிவுகளை உணர்திறன் மிக்க தகவல் என்றே வகைப்படுத்துகின்றன. உங்கள் அலட்சியத்தால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் அவர் இழப்பீடு கேட்கலாம். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எச்ஐவி நிலையை வெளியிடக் கூடாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னால் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. இது கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் வந்தது.

புதிய சட்டத்தின் மீதும் எனக்கு ஒரு கோபம் உண்டு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறார்கள். அந்தப் பணம் போவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. முக்கூடல் பெண்ணுக்கு ஒரு பைசா கிடையாது. இழப்பீட்டுக்கு வழிசெய்யும் 43ஏ பிரிவையும் அதே சட்டம் நீக்கிவிடுகிறது. ஆனால் இது டெல்லியோடு போட வேண்டிய சண்டை, உங்களோடு அல்ல.

உங்கள் மேஜைக்கு வருவோம். நான் பார்த்த பல ரிசப்ஷன்களில் ஒரு நீள நோட்டு விரிந்தே கிடக்கிறது: பெயர், ஊர், என்ன பரிசோதனை, எவ்வளவு பணம். டோக்கன் வாங்க நிற்பவர் தலைகீழாகவே படித்துவிடலாம். ஸ்கேன் சென்டர்களில், கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது நிரப்பும் ஃபார்ம் எஃப் படிவங்களின் கட்டு. கர்ப்பிணியின் முகவரி, ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை நிரப்பி இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்தச் சட்டம் சொல்கிறது. மேஜையில் பரப்பி வைக்கச் சொல்லவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெறும் நோட்டில் இருக்கும்வரை 2023 சட்டம் அதைத் தொடாது. ஊழியர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ‘இன்றைய கேஸ்கள்’ என்று குரூப்பில் போட்டால், அது டிஜிட்டல் தரவாகிவிடும்.

கம்ப்யூட்டர் திரையில் ஒட்டிய சீட்டில் பாஸ்வேர்டு, எல்லோருக்கும் அதே ஒன்று. வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியபோது, பல நாட்கள் எல்லாமே கையெழுத்து வேலையாகிப்போனது. அங்கேயே அந்தக் கதி. இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. உங்கள் ஊழியர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

நான் கேட்பதற்குப் பெரிய செலவு இல்லை. எண் வாங்கும்போது “இது யாருடைய போன்? ரிப்போர்ட்டை இதில் அனுப்பலாமா, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலைப் பதிவு செய்யுங்கள். காசநோய், எச்ஐவி, கர்ப்பம் தொடர்பான ரிப்போர்ட்டுகளை நோயாளி கையில் மட்டும் கொடுங்கள். நோட்டை மூடி வையுங்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். ஆள் போனால் அதை அன்றே நீக்குங்கள்.

சம்மத ஃபாரத்தை ஒரு பக்கத் தமிழில் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். ரிசப்ஷனில் உட்காரும் பிள்ளைகளையும் அன்று அழைத்து வாருங்கள். எண் கேட்பது அவர்கள்தான்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வழக்கறிஞர் ஒருவர்