'டான்சிங் குயீன்' பாடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்வீடன் பாட்டுக்குழுவான ஆபாவின் 'டான்சிங் குயீன்' பாட்டை உங்கள் குழு பாடிய பதிவில் சுருதி பிசகவில்லை, தாளமும் நிற்கிறது. ஆனாலும் சப்பென்று இருக்கிறது. கூடவே, "ஆபாவைக் கொண்டாடுவது எல்லாம் பழைய ஞாபகம்தானே" என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்த நால்வர், 1982-க்குப் பிறகு சேர்ந்து இயங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்து, 1992-ல், 'ஆபா கோல்டு' என்று 19 பாட்டுகளை ஒரே தொகுப்பாக விட்டார்கள். கால வரிசை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே 'டான்சிங் குயீன்'. 2021 ஜூலையில் அது பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 1000 வாரத்தைத் தொட்டது. அங்கே வேறெந்த ஆல்பமும் அதற்கு முன் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. 1974-ல் கேட்டவர்கள் மட்டும் வாங்கியிருந்தால் அது எப்போதோ ஓய்ந்திருக்கும். பாட்டுக்குள்ளேயே சரக்கு இருக்கிறது. உன் பதிவில் விட்டுப்போனதும் அதே சரக்குதான்.

ஆபாவில் ஆக்னெத்தா, ஃப்ரீடா என்று இரண்டு பெண்கள் பாடுகிறார்கள். காதில் விழுவது இரண்டு குரல் இல்லை. ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ 1973-ல் 'ரிங் ரிங்' பாட்டிலேயே ஒரு வேலை செய்தார். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஒரே அறையில் ஒரு படையையே வாசிக்க வைத்து ஒலியைத் தடிமனாக்குவார். ஸ்டாக்ஹோமில் அத்தனை ஆளுக்குப் பணம் ஏது? இருக்கிறவர்களையே திரும்ப வாசிக்க வைத்து, ஒவ்வொரு முறையும் டேப்பின் வேகத்தை இம்மியளவு மாற்றினார் ட்ரெட்டோ. சுருதி ஒரு நூல் விலகும். அந்த விலகல்தான் பளபளப்பு.

நீ செய்தது வேறு. ஒரே டிராக்கை, அதாவது தனியாகப் பதிந்த ஒரு குரலை, காப்பி எடுத்து அதன்மேலேயே சற்றுத் தள்ளி வைத்திருக்கிறாய். ஒரே அலை தன்மேலேயே விழுந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். டப்பாவுக்குள் பாடுவதுபோல் கேட்கும். ஒரு குரலைப் பல குரலாகக் காட்டும் கோரஸ் எஃபெக்ட் போட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. மறுபடி பாடுவதைத் தவிர வழியில்லை.

இரண்டு பாடகிகளும் பல்லவியைத் தலா இரண்டு முறை பாடட்டும். முதல் முறை சாதாரண வேகம். இரண்டாம் முறை பின்னணி இசையை அரை சதவீதம் மெதுவாக ஓடவிட்டுப் பாடவைத்து, பிறகு பழைய வேகத்துக்குக் கொண்டுவா. குரல் சுமார் 9 சென்ட் மேலேறும், தொனியும் கொஞ்சம் இளமையாகும். (ஒரு அரைச்சுரம் என்பது 100 சென்ட், வேகத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம்.) மென்பொருளில் வேகத்தோடு சுருதியும் சேர்ந்து மாறும் முறையைத் தேர்ந்தெடு. சுருதியை விட்டு நீளத்தை மட்டும் இழுக்கிற முறை இதற்கு உதவாது. அரை சதவீதத்தில் ஆரம்பி. இரண்டு சதவீதம் போனால் அபசுரம்தான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 'ஸ்', 'ட்' சத்தங்கள். நான்கு டிராக்கில் நான்கு 'ஸ்' முன்னும் பின்னும் வந்தால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். ஒரு டிராக்கில் மட்டும் அழுத்தமாக உச்சரிக்கட்டும். மற்ற மூன்றிலும் மெய்யெழுத்தை விழுங்கிவிட்டு உயிரெழுத்தை மட்டும் நீட்டட்டும்.

இனி கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. பாட்டு ஏ மேஜர் ஸ்கேலில் இருக்கிறது. பியானோவில் விரல் சறுக்கி இறங்கியதும், கொஞ்ச நேரத்தில் பல்லவியின் பின்பாதி முதலில் வந்துவிடுகிறது. முன்பாதியைக் கேட்க முதல் சரணம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். விருந்தை நடுவில் தொடங்கி வைக்கிற அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும். அந்தப் பின்பாதி இ, சி ஷார்ப் 7, எஃப் ஷார்ப் மைனர், பி7 என்று நடக்கும். உங்கள் கீபோர்டுக்காரர் இரண்டாவதாகச் சி ஷார்ப் மைனர் வாசிக்கிறார். ஏ மேஜருக்குள் அடங்குகிற கார்டு அதுதான் என்பதால் விரல் தானாக அங்கே போகும். ஆனால் சி ஷார்ப் 7-க்குள் இருக்கும் இ ஷார்ப், ஏ மேஜருக்கு அந்நியமான சுரம். அடுத்த மைனர் கார்டை நோக்கி நெட்டித் தள்ளுவதே அதன் வேலை. கொண்டாட்டத்துக்குள் ஒரு ஏக்கம் எட்டிப்பார்ப்பது அந்த ஒரு சுரத்தில். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கும்மாளம்.

வேகம் நிமிடத்துக்கு 100 தாள அடி அளவில் இருக்கட்டும், நீங்கள் 112-க்கு ஓடுகிறீர்கள். அமெரிக்கப் பாடகர் ஜார்ஜ் மெக்ரேயின் 'ராக் யுவர் பேபி' பாட்டின் தாளத்தை மனதில் வைத்து எழுதிய பாட்டு இது. சாய்ந்து நடக்கணும், ஓடக்கூடாது. சுருதியை ஜி-க்கு இறக்கியதும் தப்பு. ஆபாவின் மற்ற இருவர், பாட்டெழுதிய பென்னியும் பியோர்னும், அந்த இரண்டு பெண்களையும் குரலின் மேல்விளிம்பிலேயே பாடவைத்தார்கள்; அந்தப் பிரயத்தனம் கேட்கணும். மீறிப்போனால் அரைச்சுரம் இறக்கலாம்.

மேடையில் நான்கு டிராக் கிடையாது என்பாய். லண்டனில் 2022 மே மாதம் தொடங்கிய 'ஆபா வாயேஜ்' நிகழ்ச்சியிலேயே பத்துப் பேர் நேரில் வாசிக்கிறார்கள், ஆபா நால்வரின் டிஜிட்டல் உருவங்கள் ஆடுகின்றன. ஆனால் நால்வரின் குரலுக்குப் பழைய டேப்பைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்களிடம் டேப் இல்லை. ஆகவே வரிகளுக்கு இடையில் பியானோவை ஆக்டேவில் (ஒரே சுரத்தை மேல், கீழ் இரண்டு ஸ்தாயியிலும் சேர்த்து) பலமாக வாசித்து இடைவெளியை நிரப்புங்கள், மூன்றாவது குரல் ஒன்றைப் பல்லவிக்கு மட்டும் சேருங்கள்.

அடுத்த முறை முழுப் பாட்டும் வேண்டாம். பல்லவி மட்டும், நான்கு டிராக்கையும் தனித்தனியாக அனுப்பு. முதலில் அந்த 'ஸ்' சரியாகிறதா பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்