வேனில் போன முதல் குழுவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுயாதீன இசைக்குழு ஒன்றின் நீண்ட சாலைப் பயணத்தின் கடைசி நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கைக்காசைப் போட்டு வேன் பிடித்து, ஊர் ஊராக வாசித்து வருகிறார்கள். நன்றாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "தமிழகத்தில் ஒரு குழு இப்படி வேனில் ஊர் ஊராகச் சென்று வாசிப்பது இதுவே முதல்முறை" என்று இரண்டாம் பத்தியில் எழுதிய நிருபர் மேலும், அதைப் படித்துப் பார்த்த பிறகும் அச்சுக்கு அனுப்பிய தங்கள் மேலும்தான் வருத்தம்.

1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடப் போன பாவலர் வரதராசனைத் தாங்கள் அறியாதவரா? அவரும் தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரனும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கட்சி மேடைகளுக்கு ஊர் ஊராக அலைந்த கதை தங்கள் பத்திரிகையிலேயே எத்தனை முறை வந்திருக்கிறது? ஒவ்வொரு ஜூன் மாதமும் இளையராஜா பிறந்தநாளுக்குப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். அந்தப் பக்கங்களை எழுதுகிறவர் வேறு, இந்தப் பக்கத்தை எழுதுகிறவர் வேறு போலிருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதும் இல்லை போலிருக்கிறது.

பெரிய பெயர்களை விடுங்கள். நான் நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடிநாதம் தரும் கிட்டார், வாசித்தவன். பங்குனியில் வேன் ஏறினால் ஆடி மாதக் கோயில் கொடை விழாக்கள் முடியும்வரை வீட்டில் இருப்பது அபூர்வம். எங்களுக்கும் வேன் இருந்தது ஐயா. அதன் கூரையில் ஸ்பீக்கர் பெட்டிகளும் உள்ளே நாங்களும் கிடந்தோம்.

'நீங்கள் வாசித்தது சினிமாப் பாட்டுதானே, அது எப்படிச் சுயாதீன இசையாகும்' என்று தங்கள் நிருபர் கேட்பார். கேட்கட்டும். எங்களுக்கு நிறுவனம் கிடையாது, மேலாளர் கிடையாது, சம்பளம் கிடையாது. வெற்றிலை பாக்கில் வைத்துத் தரும் முன்பணம் ஒன்றுதான் ஒப்பந்தம். ஒலிநாடா எல்லா வீட்டுக்கும் வந்து சேராத காலத்தில், ஒரு புதுப் படத்தின் பாட்டைக் கிராமத்துக்காரர் இடையிசையோடு முழுதாகக் கேட்டது எங்கள் மேடையில்தான். அந்த இடையிசையை எழுதிக் கொடுக்க ஆள் இருந்தாரா? வானொலியில் கேட்டுக் கேட்டுப் பிடித்தோம். இதற்கு மேல் எப்படிச் சுயமாக இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி வாரத்தில் தங்கிய விடுதியில் இணையம் சரியாக வரவில்லை என்று அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் வருந்தியிருக்கிறார். அதைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. எங்களுக்குத் தங்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடத் திண்ணை, சில ஊர்களில் நெல் மூட்டைக் கிடங்கு. சில ஊர்களில் வேனை எந்தத் தெருவில் நிறுத்துவது, எங்களில் யாருக்கு எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்பதெல்லாம் நாங்கள் போய்ச் சேரும் முன்பே முடிவாகியிருக்கும். அதைப் பற்றி இங்கே விரித்தால் தாங்கள் வெட்டிவிடுவீர்கள்.

ஆடி மாதக் கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். பாடகருக்குத் தொண்டை போயிருக்கும். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலைக் குடித்துவிட்டு, உச்சஸ்தாயி வரும் இடத்தில் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டிவிடுவார். கூட்டம் அதை ஏதோ மரியாதை என்று எண்ணிக் கைதட்டும். டிரைவருக்கு எத்தனை இரவாகத் தூக்கமில்லையோ, அவர் தூங்கிவிடாமல் இருக்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வர வேண்டும். பேச விஷயம் தீர்ந்துபோய், சொன்ன கதையையே திரும்பச் சொல்வோம்.

எங்களோடு பாட வந்த பெண்கள் பட்ட பாட்டைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தொண்டைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியாதா? ஆனால் மேடைக்குப் பின்னால் கழிப்பறை என்ற ஒன்று இருந்ததே இல்லை. வேனுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிப் புடவை மாற்றுவார்கள்; வெளியே நாங்கள் இருவர் காவல் நிற்போம். எந்த ஊரிலாவது ஒரு தாயார் "வாம்மா, வீட்டுக்குள்ளே வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டால், அந்த ஊரில் அவர்கள் கேட்கும் பாட்டையெல்லாம் இவர்கள் பாடிவிட்டுத்தான் இறங்குவார்கள். தங்கள் கட்டுரையில் வரும் குழுவிலும் ஒரு பெண் பாடுகிறார். அவரிடம் நிருபர் கேட்டது, மேடையில் என்ன நிற உடை பிடிக்கும் என்று.

இன்னொன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் ஊரில் அது நியாயமான விதிதான். ஆனால் கொடையில் சாமியாட்டம் முடிந்து மேடை எங்கள் கைக்கு வருவதற்கே ஒன்பதரை ஆகிவிடும். நான்காவது பாட்டில் காவலர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவியின் பக்கத்தில் வந்து நிற்பார். கச்சேரி நின்றதும் விழாக் கமிட்டியார், "பாதிதானே வாசித்தீர்கள்" என்று பாதிப் பணத்தை எண்ணுவார்கள். 10 மணியிலிருந்து 12 மணி வரை, ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த 15 நாட்களில் எங்கள் பக்கத்துக் கொடை ஒன்றாவது எப்போதாவது வந்ததுண்டா என்று விசாரிக்கத் தங்கள் நிருபருக்கு நேரம் இருக்காது.

கடைசிக் கச்சேரிகளின் பாக்கி ஒருநாளும் முழுதாக வந்ததில்லை. ஊரில் கொடை வரி வசூலித்துக் கணக்கு முடியவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள் என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் போகும் பஸ் டிக்கெட் யார் கணக்கு?

ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வந்தபோது தபேலாக்காரர், டோலக்காரர், காங்கோக்காரர் மூவரும் வேனிலிருந்து இறங்கினார்கள். பிறகு கீபோர்டு வாசிப்பவரின் இடது கையே என் வேலையைப் பார்த்துக்கொண்டது, நானும் இறங்கினேன். மிச்சமிருந்தவர்களை 2020 பங்குனியில் வந்த ஊரடங்கு வீட்டில் உட்கார வைத்தது. அடுத்த ஆண்டும் அதே கதை. அப்போது உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "தவிலா, நாதஸ்வரமா, பறையா?" என்றார்கள். பேஸ் கிட்டார் என்றேன். "அது வெளிநாட்டுக் கருவி ஆயிற்றே" என்று என் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே வெளிநாட்டுக்காரன் ஆனேன், தங்கள் இதழில் இல்லாமலே போனேன்.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'முதல்முறை' என்பது தவறு என்று அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, ஒரு வரித் திருத்தம் போடுங்கள். என் பெயர் வேண்டாம். அப்புறம், பழைய புகைப்படங்களைக் கேட்டு முன்பு தாங்கள் அறிவிப்பு வெளியிட்டபோது, எங்கள் குழு வேன் முன்னால் நிற்கும் படத்தை அனுப்பியிருந்தேன். தாங்கள் அதைப் பிரசுரிக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அதற்கு வேறு பிரதி கிடையாது. அலுவலக அலமாரியில் எங்காவது கிடந்தால் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். என் முகவரி எழுதிய உறையைத் தபால்தலை ஒட்டி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பேஸ் கிட்டார்காரன்,
கோவில்பட்டி