எண்ணூறு ஆண்டுகளாக நிற்கும் கோட்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சுற்றுலாப் பகுதியில் ஸ்காட்லாந்தின் ஐலன் டோனன் கோட்டையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஆனால் ‘எண்ணூறு ஆண்டுகளாகக் கம்பீரமாக நிற்கும் கோட்டை’ என்று எழுதியிருப்பது தவறு. இடையில் சுமார் இருநூறு ஆண்டுகள் கோட்டை இருக்கும் சிறு தீவில் இடிந்த சுவர்கள்தான் கிடந்தன.

மூன்று கடற்கழிகள் கூடும் இடம் அது. வடக்கிலிருந்து வந்த நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) படைகளைத் தடுக்க 13ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை எழும்பியது. பிறகு அது மெக்கென்சி குலத்தின் கைக்கு வந்தது. அவர்களுக்காகக் காவல் காத்தவர்கள் மெக்ரே குலத்தார். 1539இல் டொனால்ட் கோர்ம் என்ற தலைவர் கோட்டையைத் தாக்க வந்து, அம்பு தைத்து இறந்தார். அம்பை எய்தவர் ஒரு மெக்ரே என்பது மரபு.

கோட்டை அழிந்த கதையைத்தான் கட்டுரையாளர் அடியோடு விட்டுவிட்டார். 1719இல் பிரிட்டனின் முதலாம் ஜார்ஜ் மன்னரை இறக்கிவிட்டு, முன்பு ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற ஒரு கிளர்ச்சி நடந்தது. அதற்கு ஸ்பெயின் அனுப்பிய பெரிய கப்பற்படை புயலில் சிதறிவிட, சுமார் 300 வீரர்கள் மட்டுமே ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களில் நாற்பது பேருக்கு மேல் கோட்டையில் தங்கி வெடிமருந்தைக் காத்தார்கள். மே 10ஆம் தேதி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. சமாதானக் கொடியோடு அனுப்பிய படகைக் கோட்டையிலிருந்து சுட்டுத் திருப்பியதும், பீரங்கிகள் முழங்கின. சில இடங்களில் 14 அடி கனமுள்ள சுவர்கள் அதற்கு அசரவில்லை. மாலையில் பிரிட்டிஷ் வீரர்கள் படகில் இறங்கிக் கோட்டையைப் பிடித்தார்கள். அப்புறம் உள்ளே இருந்த 343 பீப்பாய் வெடிமருந்தைக் கொண்டே அதைத் தகர்த்தார்கள். காவலுக்கு வைத்த சரக்கே கோட்டைக்கு எமனானது.

1911இல் ஜான் மெக்ரே-கில்ஸ்ட்ராப் அந்தத் தீவை வாங்கினார். முன்பு காவல் காத்த அதே குலத்தவர். இருபது ஆண்டு உழைத்து 1932இல் திருப்பணியை முடித்தார். எல்லாப் படங்களிலும் வருகிறதே அந்த வளைவுக் கல்பாலம், அதுவும் அப்போது கட்டியதுதான். 1714இல் ஓர் இராணுவப் பொறியாளர் வரைந்த பழைய கோட்டையின் படம் இருக்கிறது. ஆனால் திருப்பணி செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் இன்றைய கட்டடம் பல இடங்களில் அதோடு ஒத்துப்போகாது.

இதனால் கோட்டையின் பெருமை குறைந்துவிடாது. இடிபாட்டை வாங்கி, மூதாதையர் காத்த இடத்தை மறுபடி எழுப்பிய அந்த மனிதரின் பிடிவாதம் எனக்குப் பெரிதாகவே தெரிகிறது. அவருடைய இருபது ஆண்டு உழைப்பை 13ஆம் நூற்றாண்டின் கணக்கில் எழுதுவதுதான் அநியாயம். அடுத்த இதழில் ‘இன்று காணும் கட்டடமும் பாலமும் 1932இல் முடிந்த திருப்பணி’ என்று ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்
திருச்சி