பாதியில் நின்ற பேட்ச்சைச் சரிபார்க்காமல் விடுவித்தது பற்றிய புகார்

கணக்குப் பிரிவு,
செம்பனைக் குலை கொள்முதல் நிலையம்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய கணக்கு மென்பொருளைத்தான் எங்கள் நிலையம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. பராமரிப்புக் கட்டணத்தையும் ஆண்டுதோறும் முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். சென்ற மாதக் கணக்கை முடிக்கும் நேரத்தில் கொள்முதல் பேட்ச் ஒன்று, அதாவது ஒன்றாகச் சேர்த்த பரிவர்த்தனைகளின் தொகுப்பு, போஸ்டிங்கின் (பேரேட்டில் ஏற்றும் வேலையின்) நடுவில் நின்றுபோனது. சாயங்கால மழையில் மின்சாரம் போய், சர்வருடன் இருந்த தொடர்பு அறுந்ததுதான் காரணம். அது எந்த மென்பொருளிலும் நடக்கக்கூடியது, அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. நின்ற பேட்ச்சை உங்கள் ஆள் விடுவித்த விதத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

மறுநாள் காலை பேட்ச்சைத் திறக்கப் போனால், வேறொருவர் அதைப் பயன்படுத்துவதாகச் செய்தி வந்தது. அதில் யாருமே இல்லை. ஒருவர் திறந்திருக்கும்போது மற்றவர் தொடாமல் தடுக்க மென்பொருள் போடும் பூட்டு, முந்தின நாள் அறுந்துபோன தொடர்பிலிருந்து சர்வரில் அப்படியே கிடந்தது. உங்கள் சேவைப் பிரிவை அழைத்தோம். வெளியிலிருந்து இணைந்த தொழில்நுட்பர் சில நிமிடங்களில் வேலையை முடித்து, “சரியாகிவிட்டது, மறுபடி போஸ்ட் செய்யுங்கள்” என்றார். பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டேன். இதற்கெல்லாம் தேவையில்லை என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் எடை மேடையிலும் சம்பளப் பிரிவிலும் எங்கள் ஆட்கள் மென்பொருளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை வெளியேறச் சொல்லவும் இல்லை.

அவர் சொன்னபடி மறுபடி போஸ்ட் செய்தோம். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் முதல் முறையே பாதிப் பரிவர்த்தனைகள் பேரேட்டுக்குப் போய்விட்டன. இரண்டாம் முறை அவையும் சேர்ந்து போனதால், சிறு தோட்டக்காரர்கள் பலருக்கு நாங்கள் தரவேண்டிய தொகை இரட்டிப்பாக ஏறிவிட்டது.

போஸ்டிங் என்பது படிப்படியாக நடக்கும் வேலை. பேட்ச்சுக்கு முதலில் ‘போஸ்ட் ஆகிறது’ என்ற நிலைக்குறி விழுகிறது. பிறகு ஒவ்வொரு பரிவர்த்தனையாக வேலை அட்டவணையிலிருந்து நிலுவை அட்டவணைக்கு நகர்கிறது, கணக்கு வைத்திருப்பவரின் இருப்பு மாறுகிறது, பேரேட்டில் பதிவு விழுகிறது. நடுவில் எந்தப் படியிலும் அது நிற்கலாம். நிலைக்குறியை மாற்றிவிட்டால் பேட்ச் திறக்கும், உண்மைதான். ஆனால் எதுவரை போய் நின்றது என்பதை அந்தக் குறி சொல்லாது. அதனால்தான் எல்லோரையும் வெளியேற்றி, முழு பேக்கப் எடுத்து, தேங்கிய பூட்டுகளை நீக்கி, மென்பொருளிலேயே இருக்கும் மீட்பு வசதியை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் மட்டுமே நிலைக்குறியில் கை வைக்கலாம். அப்புறமும் பேட்ச்சின் பட்டியலை அச்சடித்து, பேரேட்டில் ஏற்கெனவே ஏறியவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் மறுபடி போஸ்ட் செய்யக் கூடாது. உங்கள் ஆள் இந்த ஒப்பீட்டைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. அவர் ஓட்டிய கட்டளையை நாங்கள் கேட்டு வாங்கிப் பார்த்தோம். சிக்கிய பேட்ச்சின் பெயர் அதில் இல்லவே இல்லை. நிறுவனத்தின் அத்தனை பேட்ச்சுகளின் நிலையையும் அது ஒரேயடியாக மாற்றியிருக்கிறது. மேலாளரின் ஒப்புதலுக்காக நிறுத்தி வைத்திருந்த லோரி பழுதுச் செலவுகளும் அதில் ஒப்புதல் இல்லாமலே விடுவிக்கப்பட்டுவிட்டன.

வங்கிக்கு அனுப்பும் கட்டணக் கோப்பு தயாராகும்போதுதான் இது வெளியே வந்தது. எங்கள் கிராணி (குமாஸ்தா) எடைச் சீட்டுகளின் மொத்த டன்னையும் கொள்முதல் தொகையையும் எப்போதும் ஒத்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் பணம் இரண்டு மடங்காகப் போயிருக்கும். ஆனால் கணக்கு அறிக்கைகள் அதற்குள் சிலர் கைக்குப் போய்விட்டன. லிந்தாங் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பேரன் படிப்புக்குக் கட்டப் பணம் வந்துவிட்டது என்று நம்பி வந்திருந்தார். அவரிடம் இதை விளக்கிச் சொல்வது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

எங்கள் தொழில் காத்திருக்காது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் மில்லில் சேர்த்தாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் ஏறிவிடும். ஆகவே கணக்கு நின்றாலும் லோரி ஓடிக்கொண்டே இருந்தது, எடைச் சீட்டுகள் மேசையில் குவிந்தன. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளப் பிரிவின் பதிவுகளும் குழம்பிப் போனதால், டிரைவர்களின் சம்பளத்தைக் கையால் கணக்கிட்டுத்தான் கொடுத்தோம்.

புகார் சொன்னபோது உங்கள் பிரிவு தந்த யோசனை, இரட்டைப் பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்தே அழித்துவிடலாம் என்பது. இதற்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம். வருமான வரிச் சட்டப்படி 7 ஆண்டுகளுக்குக் கணக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அழித்த பதிவுக்குத் தணிக்கையாளரிடம் என்ன பதில் சொல்வது? தவறாக ஏறிய ஒவ்வொன்றையும் எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்து, காரணத்தையும் அதிலேயே எழுத வேண்டும். அனுபவமுள்ள ஒருவரை நேரில் அனுப்பி, எங்கள் கிராணியுடன் உட்கார்ந்து இதை முடித்துத் தாருங்கள்.

அந்த அழைப்புக்கு நீங்கள் தனியாக அனுப்பிய சேவைக் கட்டணப் பில்லை ரத்து செய்ய வேண்டும். அன்று எங்கள் தரவுத்தளத்தில் எந்தெந்த அட்டவணைகளில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதை எழுத்தில் தர வேண்டும், தணிக்கைக்கு அது தேவை. இனி எங்கள் சர்வருக்குள் யார் இணைந்தாலும், பேக்கப் முடிந்தது என்று நாங்கள் உறுதி சொன்ன பிறகே கட்டளை ஓட்ட வேண்டும். பேட்ச் சிக்கினால் செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதி, எங்கள் நிலையத்துக்கு மட்டுமின்றி உங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுங்கள். இந்த வட்டாரத்தில் கணக்கு பார்ப்பவர்களில் பலர் தனியாளாக அலுவலகத்தை நடத்துகிறவர்கள். உங்கள் ஆள் ‘சரியாகிவிட்டது’ என்றால் அவர்கள் அதை நம்பித்தான் பொத்தானை அழுத்துவார்கள்.

இந்த மாதக் கணக்கு முடிவதற்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அடுத்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை அதுவரை எங்கள் மேலாளர் நிறுத்தி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
கணக்காளர்