எங்கள் கணக்கை எங்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்

பல்கலைக்கழகச் சர்வதேசப் பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், எங்கள் தோட்டத்துக்கு வந்துபோன ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2025 யூலையில் தலவாக்கலைப் பக்கம் நீங்கள் கணக்கெடுத்த தோட்டத்தில், உங்கள் கேள்விகளைத் தமிழில் கேட்டு, பதில்களை ஆங்கிலத்தில் சொன்னவள் நான். கடன் நெருக்கடி தோட்டக் குடும்பங்களை என்ன செய்தது என்பதுதான் உங்கள் ஆய்வு. அறிக்கை வந்துவிட்டது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் வெளியிட்டிருக்கிறீர்கள். கம்பஸில் படிக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் போன வாரம் போனில் அனுப்பித்தான் எனக்கே தெரியும். இரவிரவாக இருந்து வாசித்தேன். முழுவதும் ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம்கூட இல்லை.

அன்றைக்கு மழை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கங்காணியிடம் கேட்டுத்தான் இறக்கினோம். முதலில் வந்த அக்காவை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இடுப்பில் கட்டிய படங்கில் தண்ணீர் வடிய, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் என்றீர்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. "இறக்குமதி விலையேற்றத்தால் உணவு நுகர்வில் ஏற்பட்ட மாற்றம்" என்று உங்கள் படிவத்தில் இருந்ததை, "முன்ன மாசம் எத்தன கிலோ மா வாங்குனீங்க, அப்புறம் எத்தன?" என்று கேட்டேன். 2022இல் இருந்த மாவுக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு தான் பிரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, போனதைச் சொன்னார். தோட்டை அடகு வைத்ததையும், அது மூழ்கிப்போனதையும் சொன்னார். சொல்லும்போது காதைத் தொட்டார். ஓட்டை தூர்ந்துவிடாமல் அதில் ஓர் ஈர்க்குச்சி இருந்தது.

அறிக்கையில் அந்தக் காதைத் தேடினேன். சொத்தை விற்றோ அடகு வைத்தோ சமாளித்த குடும்பங்கள் என்று ஒரு வரைபடத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள்தான் இருக்கிறார். ஆய்வென்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது எனக்கு விளங்கும். அதில் குறை சொல்லவில்லை. என் மனம் ஆறாதது வேறொன்றில்.

எழும்பிப் போகும்போது அவர் கேட்டார்: "என்னா எழுதியிருக்குனு நமக்கும் வாசிச்சுக் காட்டுவாங்களா தங்கச்சி?" நான் உங்களிடம் கேட்டேன். "கட்டாயம்" என்றீர்கள். அந்தக் கட்டாயத்தையும் அவருக்கு மொழிபெயர்த்தது நான்தான். என் வாயால் சொன்ன வார்த்தை அது.

அவர் திரும்ப மலைக்கு ஏறும்போது பகல் நிறுவை முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். அன்றைக்கு அவருடையது 11 கிலோ. அரைப்பேர் போட்டார்கள். அப்போது நாட்சம்பளம் 1350 ரூபாய். 675 ரூபாய் போய்விட்டது. எனக்கு உங்கள் நிறுவனம் அன்றைய கொடுப்பனவை ஒரு சதம் குறையாமல் தந்தது. அந்தக் காசை நான் இன்னும் நிம்மதியாக நினைத்துப் பார்க்கவில்லை. சம்பள நாளில் கண்டால் அவர் கேட்கிறார், "அந்தப் புத்தகம் வந்துருச்சா?" பேர் வெட்டுப்பட்டதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன்: அந்த அறிக்கையைத் தமிழில் தாருங்கள். எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து வாசித்துக் காட்டுங்கள்.

சர்வதேசப் பொருளாதாரம் லயத்து ஆட்களுக்கு எதற்கு என்று யாராவது நினைத்தால், எங்களைவிட அதை உடம்பால் படித்தவர்கள் இந்த நாட்டில் குறைவு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். தேயிலை மஞ்சளித்தது, கொழுந்து சிறுத்தது, எங்கள் தோட்டத்தில் 18 கிலோ மட்டும் 18 கிலோவாகவே நின்றது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்குச் சம்மதித்தது. அதே வருடம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வேலை செய்பவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, புதிய முறிகளாக மாற்றினார்கள். அந்த நிதியில் முதுகு வளைய உழைத்தவர்களின் காசும் இருக்கிறது. அப்படி ஒன்று நடந்ததை எங்கள் பிரட்டுக் களத்துக்கு வந்து யாரும் சொல்லவில்லை. உங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய காசோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் வாசிக்கலாம்.

1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்ட காலத்திலிருந்து எங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். தலையை எண்ணினார்கள், கிலோவை எண்ணினார்கள். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனதும் அவர்களால் வாசிக்க முடியாத காகிதத்தில்தான். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். அந்தப் பழியை உங்கள் தலையில் போடவில்லை. அந்த வரிசையில் இன்னொரு காகிதமாக உங்கள் அறிக்கையும் சேர்ந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடவும் எனக்குத் தெரியும். போட மனமில்லை. வாசித்துக் காட்டுவதாக நீங்களே ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு நான் படிவம் நிரப்புவது அந்த அக்காவுக்கு அவமரியாதை.

240 பக்கத்தையும் கேட்கவில்லை. எங்கள் பகுதியைப் பற்றிய அத்தியாயமும், சேமலாப நிதி அத்தியாயமும், கடைசியில் உள்ள பரிந்துரைகளும் தமிழில் வந்தால் போதும். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நான் செய்கிறேன், கொடுப்பனவு வேண்டாம். வாசிக்கும்போது "இது சரியில்லை, நான் அப்பிடிச் சொல்லல" என்று யாராவது சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மா கிலோக் கணக்கில் ஓர் இடத்தில் மாதத்தையும் கிழமையையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அந்த அக்கா கேட்டிருந்தால் அப்போதே பிடித்திருப்பார்.

தயவுசெய்து வாருங்கள். பிள்ளைக்காம்பராவிலேயே உட்காரலாம், தேத்தண்ணி நாங்கள் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். அன்றைக்கு யாருக்கும் பேர் வெட்டுப்படாது.

இப்படிக்கு,
உங்கள் கேள்விகளைத் தமிழில் கேட்டவள்