தீப்பெட்டி அளவுக் கட்டம் போதும்: அனிமேஷன் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு, வணக்கம்.

ஸ்டோரிபோர்டு (கதையை ஷாட் ஷாட்டாகக் கட்டங்களில் வரைவது), லேஅவுட் வேலையில் இருக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: படத்தின் அழகை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். வண்ணமும் நிழலும் போட்டு மெருகேற்றிய பத்துக் கட்டங்கள் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். கதை நகர்கிறதா என்பது அதில் தெரியாது. அவ்வளவு உழைத்து வரைந்ததைத் தூக்கிப்போட மாணவருக்கு மனசும் வராது.

முதல் சுற்றுக்கு ஏ4 தாளும் பேனாவும் போதும். தீப்பெட்டி அளவுக் கட்டம். ஒன்றுக்கு ஒரு நிமிடம். ஒரே காட்சியை மூன்று விதமாகப் போடச் சொல்லுங்கள். தேறியதை ஸ்கேன் செய்து, வசனத்தைப் பேசிச் சேர்த்து, அனிமேட்டிக்காக, அதாவது கட்டங்கள் நேரக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வீடியோவாக, ஓட்டட்டும். தாளில் சரியாகத் தெரிந்த ஷாட் கண்ணில் பதியுமுன் ஓடிவிடுவதும், இன்னொன்று இழுவையாக நிற்பதும் அப்போதுதான் பிடிபடும்.

அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அம்மா வலப்பக்கம் பார்க்கிறார், மகன் இடப்பக்கம். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டி மகனுக்கு ஒரு குளோஸப் வைத்தால் அவனும் வலப்பக்கம் பார்ப்பான். இருவரும் மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கம் வைக்கச் சொல்லும் 180 டிகிரி விதிக்கு இலக்கணம் எழுத வைப்பதைவிட, இந்தத் தவறை ஒருமுறை ஓட்டிக் காட்டுவது மேல். வலக்கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் இடக்கைக்கு மாறும் ஹுக்கப் (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி) பிழையும் அப்படித்தான்.

லேஅவுட் என்றால் பேக்ரவுண்ட் வரைவது என்று சுருக்கிவிடுகிறார்கள். கேமரா எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது, பாத்திரம் எதற்குப் பின்னால் போகிறது என்று தீர்மானிக்கும் வேலை அது. 1974-இல் ஜப்பானில் வந்த 'ஹைடி' அனிமேஷன் தொடரில் 52 பகுதிகளுக்கும் லேஅவுட்டை ஹயாவோ மியாசாகி கவனித்தார்.

கணக்கும் வேண்டும். 6 நொடி பேன் (கேமரா பக்கவாட்டில் நகர்வது) என்றால், நொடிக்கு 24 வீதம் 144 ஃபிரேம். ஃபிரேமுக்கு 8 பிக்சல் நகர்ந்தால் 1152. திரையின் 1920-ஐச் சேர்த்தால் பேக்ரவுண்ட் குறைந்தது 3072 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். 2500-இல் நிறுத்தியவருக்கு மூன்று நொடி முடிந்ததுமே படம் தீர்ந்து வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்கும். முன்னால் வரும் தூணை ஓவர்லேயாகத் தனி லேயரில் போட வேண்டும். அது இன்னும் வேகமாக நகரும் என்பதால் அந்த லேயருக்கு நீளமும் கூடுதல்.

ஐ லெவலுக்கு, அதாவது கேமராவின் கண் உயரத்தைக் காட்டும் கிடைக்கோட்டுக்கு, தனி வகுப்பே வையுங்கள். சமதரையில் நிற்கும் ஒரே உயரக்காரர்களில் அருகில் இருப்பவரை அந்தக் கோடு மார்பில் வெட்டினால், தூரத்தில் இருப்பவரையும் மார்பில்தான் வெட்ட வேண்டும். இடுப்பில் வெட்டினால் அவர் மேடை ஏறியதுபோல் தெரிவார். கழுத்தில் வெட்டினால் குழிக்குள் நிற்பார்.

செய்முறைத் தேர்வில் முதல் ஒரு மணி நேரம் டேப்லெட்டை வெளியே வைக்கச் சொல்லுங்கள். 100 மதிப்பெண்ணில் 40 அனிமேட்டிக்குக்கு, 40 லேஅவுட்டுக்கு. மீதி 20 போதும், படத்தின் அழகுக்கு.

இப்படிக்கு,
ஸ்டோரிபோர்டு, லேஅவுட் கலைஞர்கள்